வறண்ட நாட்களில் தீ: அணைந்துவிட்டது என்று நம்பும் தவறும் இன்னும் சிலவும்

வாரக்கணக்கில் மழை இல்லாமல், பகல் வெயில் ஏறி, காற்றில் ஈரம் வற்றும்போது வறண்ட நிலப்பகுதிகளில் தீ எச்சரிக்கை வருகிறது. அந்த நாட்களில் நிலத்துக்குப் புதியவர்கள் செய்யும் தவறுகள் புதியவை அல்ல. இன்று பழகியிருப்பவர்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள்தான், ஆள் மட்டும் மாறியிருக்கும். பீடித் துண்டை வீசக்கூடாது, காற்றடிக்கும்போது குப்பை கொளுத்தக்கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். இங்கே சொல்லப்படுபவை, விவரம் தெரிந்தவர்களும் கால் வழுக்கும் இடங்கள்.

"நேற்றுதானே தூறியது"

தீ பிடிக்கும் பொருள் எவ்வளவு தடிமன் என்பதைப் பார்க்காமல் இந்தக் கணக்கைப் போடக்கூடாது. 6 மில்லிமீட்டருக்கும் மெல்லிய புல்லும் சருகும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரத்திலேயே பெருமளவு ஒத்துப்போய்விடும். விரல் தடிமன் சுள்ளிக்குப் பத்து மணி நேரம் ஆகலாம். 25 முதல் 75 மில்லிமீட்டர் வரையுள்ள கிளைக்கு நூறு மணி நேரம். அதற்கும் பருத்த கட்டைக்கு ஆயிரம். காலையில் தூறல் போட்ட புல்வெளி பிற்பகல் வெயிலில் சரசரவென்று காய்ந்திருக்கும். தீயைத் தொடங்கி ஓடவைப்பது அந்தப் புல்தான், கட்டை அல்ல. தலைகீழாகவும் இது பொருந்தும்: பல மாத வறட்சியில் உள்வரை காய்ந்த கட்டையை ஒருநாள் மழை நனைக்காது.

காலை ஈரப்பதத்தை நம்புவதும் இதே வகைத் தவறு. காற்றிலுள்ள நீராவியின் அளவு மாறாமல் வெப்பம் மட்டும் 11 டிகிரி செல்சியஸ் ஏறினால், ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற கணக்கு) ஏறத்தாழ பாதியாகிவிடும். விடியலில் 20 டிகிரி, 40 விழுக்காடு என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால், 31 டிகிரியில் 20 விழுக்காட்டில் நிற்பீர்கள். வானிலை அறிக்கையில் தேட வேண்டியது பிற்பகலின் குறைந்தபட்ச ஈரப்பதம். அதோடு, இரவில் அது எவ்வளவு ஏறுகிறது என்பதையும் பாருங்கள். இரவிலும் ஈரம் திரும்பாத நாட்கள் அடுத்தடுத்து வந்தால், புல் காலையிலேயே பற்றத் தயாராக இருக்கும்.

பசுமையான ஆண்டை நல்ல ஆண்டு என்று எண்ணுவது

பாலை நிலத்தில் செடிக்குச் செடி வெறும் மண் இருக்கும். தீ தாவ முடியாமல் தடுப்பது அந்த இடைவெளிதான். நல்ல மழை பெய்த ஆண்டில் இடைவெளி முழுக்கப் புல் முளைத்து, அடுத்த வறட்சியில் வைக்கோலாகிறது. ஆகவே வறண்ட நாட்டில் மோசமான தீக்காலம் பெரும்பாலும் மழை ஆண்டைத் தொடர்ந்தே வருகிறது. அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்திலும் நடு ஆஸ்திரேலியாவிலும் தீவனத்துக்காகக் கொண்டுபோய் விதைத்த கொழுக்கட்டைப் புல் இதை நிரந்தரமாகவே செய்துவிட்டது. மாட்டுக்கு நல்ல புல் அது, மறுக்கவில்லை. ஆனால் தீயைப் பழகாத சாகுவாரோ கள்ளிகளுக்கு அடியில் அது அடர்ந்து நிற்கும்போது, எரிந்த கள்ளி திரும்ப வளர்ந்து நிற்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அணைந்துவிட்டது என்று கைகழுவுவது

எல்லாத் தவறுகளிலும் விலை அதிகமானது இது. இத்தனை நடந்த பிறகும் தொடர்வதைப் பார்க்கையில் கோபம் வருகிறது. சருகும் சுள்ளியும் குவித்து எரித்தது சரியான நாளில், காற்றில்லாத வேளையில், அனுமதியோடு நடந்திருக்கும். தவறு நிகழ்வது சுவாலை அடங்கிய பிறகுதான். மேலே வெள்ளைச் சாம்பல், புகை இல்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள், நாலு மண்வெட்டி மண் அள்ளிப் போட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். நீறு பூத்த நெருப்பு என்ற சொல்லை நாள்தோறும் பேசுகிற நாம்தான் அந்த நீற்றைக் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை.

2022 ஜனவரி இறுதியில் நியூ மெக்சிகோவின் காடொன்றில் வெட்டிக் குவித்திருந்த சுள்ளிக் குவியல்களைத் திட்டமிட்டு எரித்தார்கள். பனிக்காலம். எரிந்து அடங்கிய குவியல்களின் மேல் பலமுறை பனி பெய்தது. அத்தனைக்கும் அடியில் கங்கு உயிரோடு கிடந்தது. ஏப்ரல் 9 அன்று மீண்டும் தீ தலைகாட்டியது, 19 அன்று பலத்த காற்றில் சுற்றியிருந்த தடுப்பு எல்லையைத் தாண்டியது. அருகில் வேறொரு திட்டமிட்ட எரிப்பிலிருந்து தப்பிய தீயோடு சேர்ந்து 3,41,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த மாநிலத்தின் பதிவான வரலாற்றில் இதைவிடப் பெரிய காட்டுத்தீ இல்லை. 1991 அக்டோபர் 19 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைச்சரிவில் பற்றிய சிறு புல் தீயைத் தீயணைப்பு வீரர்களே அணைத்தார்கள். மறுநாள் வறண்ட வெப்பக் காற்றில் அது மீண்டும் கிளம்பியது. 25 பேர் இறந்தார்கள். தொழிலே இதுவாக உள்ளவர்களையும் ஏமாற்றும் நெருப்பு, ஒரு குடம் தண்ணீருக்கு அடங்கிவிடும் என்று எந்த நம்பிக்கையில் கிளம்பிப் போகிறார்கள்?

கங்குக்குச் சுவாலை வேண்டாம், அதிகக் காற்றும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில், கரியிலும் பட்ட வேரிலும் காய்ந்த சாணியிலும் ஊர்ந்துகொண்டே இருக்கும். மேலே போட்ட மண் அதை அணைப்பதில்லை, வெப்பம் வெளியேறாதபடி போர்த்திவிடுகிறது. இயந்திரத்தால் தள்ளிக் குவித்த குவியலில் மண் ஏற்கெனவே கலந்திருப்பதால் சூடு வாரக்கணக்கில் தங்கும். தண்ணீரும் நினைப்பதுபோல் இறங்குவதில்லை. சாம்பல் மேற்பரப்பு நனைந்து கட்டிதட்டி, நீர் பக்கவாட்டில் வழிந்துவிடும். நான்கு விரற்கடை ஆழத்தில் எல்லாம் உலர்ந்தே கிடக்கும்.

ஆகவே முதலில் குவியலைப் பிரித்துப் பரப்புங்கள், கணுக்கால் உயரத்துக்கு மேல் எங்கும் இருக்கக்கூடாது. தண்ணீர் விட்டுக் கிளறுங்கள், மறுபடி விடுங்கள், மறுபடி கிளறுங்கள். நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டுக் கலந்தால் சாம்பலுக்குள் நன்றாக இறங்கும். இடுப்பளவுக் குவியல் ஒன்றுக்கு 200 லிட்டர் டிரம் ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொண்டே தீ மூட்டுங்கள், அதற்குக் குறைந்தால் மூட்ட வேண்டாம். பாதி எரிந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். குவியலின் விளிம்பைச் சுற்றி 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் கொத்திப் பாருங்கள். வேர் ஒன்று வெளியே ஓடினால் குளிர்ந்த இடம் வரும்வரை அதைத் தொடர்ந்து தோண்டி வெட்டுங்கள்.

தண்ணீர் கிடைக்காத இடத்தில் மண்ணையே பயன்படுத்தலாம், ஆனால் மூடுவதற்காக அல்ல. வேரும் சருகும் கலவாத வெறும் மண்ணைக் கங்கோடு கலந்து, பரப்பி, அரை மணிக்கொரு முறை கிளறிக் குளிரவிட வேண்டும். நேரம் பிடிக்கும். வேறு குறுக்கு வழி இல்லை.

சோதிப்பது கண்ணால் அல்ல, கையால். புறங்கையை முதலில் ஒரு சாண் உயரத்தில் காட்டுங்கள், பிறகு நெருக்குங்கள், சூடு தெரியாவிட்டால் மட்டுமே தொடுங்கள். தொட முடியாத சூடு இருந்தால் வேலை முடியவில்லை. மறுநாள் சூரியன் தாழ்வாக இருக்கும் அதிகாலையில் போங்கள், மெல்லிய புகை இழை சாய்வெளிச்சத்தில் தெரியும். பிற்பகல் உச்ச வெப்பத்தில் இன்னொரு முறை. தூய வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரியும் சாம்பலும், தரைக்கு மேல் நடுங்கும் காற்றும், ஓரிடத்தில் மொய்க்கும் சிறுபூச்சிகளும் அடியில் சூடு இருப்பதைக் காட்டும். மூன்று நாட்கள் இப்படித் தொடருங்கள். அதற்குப் பிறகும், பலத்த காற்று வரும் என்ற அறிவிப்பு வந்தால், காற்றுக்கு முந்தைய நாள் மீண்டும் போய்க் கிளறிப் பாருங்கள், எரித்து எத்தனை வாரம் ஆகியிருந்தாலும் சரி.

அடுப்புச் சாம்பலுக்கும் இதே கதைதான். மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, மரத்தரையிலிருந்து விலக்கி, சில நாட்கள் வைத்திருந்து, நீர் ஊற்றிய பிறகே கொட்டுங்கள். அட்டைப்பெட்டியிலும் பிளாஸ்டிக் வாளியிலும் ஒருபோதும் வேண்டாம்.

காய்ந்த புல்லைக் காய்ந்த பிறகு வெட்டுவது

தீயைத் தடுக்கவே புல் வெட்டப் போகிறார்கள், அந்த வேலையே தீயை மூட்டுகிறது. இரும்புத் தகடு கல்லில் பட்டால் பொறி பறக்கும். புல் பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். தவறவிட்டால் காலை 10 மணிக்கு முன், நைலான் நரம்பு பூட்டிய கருவியால், பக்கத்தில் நீர் நிரப்பிய முதுகுத் தெளிப்பானும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு வெட்டுங்கள். வேலை முடிந்த பின் அரை மணி நேரமாவது அங்கேயே நில்லுங்கள். வேலி வெல்டிங்குக்கும் கிரைண்டருக்கும் சுற்றிலும் 11 மீட்டர் வெறுந்தரை வேண்டும், முடிந்தபின் காவல் ஒரு மணி நேரம். எச்சரிக்கை அமலில் உள்ள நாளில் இவற்றைத் தொடங்கவே வேண்டாம்.

வண்டி

உயர்ந்த புல்லில் நிறுத்தாதீர்கள், சைலன்சர் பகுதியின் சூடு போதும். டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலி தரையில் உரசாத நீளத்தில் இருக்கட்டும். டயர்களைக் கிளம்புமுன் பாருங்கள்: 2018 ஜூலை 23 அன்று கலிஃபோர்னியாவின் ரெடிங் அருகே ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை அழித்த தீ, டயர் வெடித்த டிரெய்லரின் ரிம் சாலையில் உரசிய பொறியில் தொடங்கியது.

காற்றின் வேகத்தை மட்டும் பார்ப்பது

திசை மாறும் நேரத்தைப் பாருங்கள். தெற்கிலிருந்து வீசும் காற்றில் தீ வடக்கே நீண்டு ஒடுங்கி ஓடுகிறது என்று வையுங்கள். காற்று திரும்பி மேற்கிலிருந்து வீசத் தொடங்கிய கணமே, அதன் நீண்ட கிழக்கு விலா முழுவதும் தீமுகமாகிறது. பக்கவாட்டில் பத்திரமாக நின்றிருந்தவர் நேர் எதிரில் நிற்பார். இடிமேகமும் நிம்மதி தராது. வறண்ட காற்றில் மழை தரையைத் தொடுமுன் ஆவியாகி, குளிர்ந்த காற்று மட்டும் கீழே மோதி எல்லாத் திசைக்கும் பாயும், மின்னல் வேறு தனியாக விழும். மேகத்தின் கீழ் பாதியில் அறுந்து தொங்கும் மழைத்தாரை கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டு வெறுந்தரைக்கு வாருங்கள்.

வீட்டுச் சுவரோரம்

முதல் ஒன்றரை மீட்டரில் எரியும் பொருள் எதுவும் கூடாது. விறகு, காய்ந்த பந்தல், தென்னங்கீற்று, எதுவும்.

வெளியேறும் வழி

இரண்டு வேண்டும். வண்டியின் முகம் சாலையைப் பார்த்து, கண்ணாடிகள் ஏற்றியபடி, சாவி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில்.