போர்க்கப்பல் ஏன் இவ்வளவு குடிக்கிறது? அரோரா 4எக்ஸில் எரிபொருள் கணக்கு போடுவது எப்படி

அரோரா 4எக்ஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் நான் கட்டிய முதல் போர்ப்படை எதிரியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாதி வழியிலேயே டாங்க் காலி. இந்த விளையாட்டில் ஓடின வேகத்தில் மிதந்து போகும் சலுகையெல்லாம் கிடையாது, எரிபொருள் தீர்ந்தால் கப்பல் நின்றுவிடும். காப்பாற்ற அனுப்பிய டேங்கரிலும் அதே ராணுவ இன்ஜினைத்தான் மாட்டியிருந்தேன். போய்ச் சேர்வதற்குள் கொண்டுபோனதில் பாதியை அதுவே குடித்துவிட்டது.

நீங்களும் அப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள். இங்கே சொல்வது 2020-ல் வெளிவந்த, சி ஷார்ப் (C#) நிரல்மொழியில் எழுதிய பதிப்புக்கு.

படி 1: 'ராணுவம்', 'வணிகம்' என்ற பெயரை மறந்துவிட்டு விதியைப் பாருங்கள்

இன்ஜின் 25 ஹல் ஸ்பேஸ் அல்லது அதற்கு மேல் இருந்து, பவர் (இன்ஜினை வடிவமைக்கும்போது நாம் தேர்ந்தெடுக்கும் சதவீதம்; கூட்டினால் அதே இன்ஜின் அதிக சக்தி தரும்) 50% அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது வணிக இன்ஜின். இரண்டில் ஒன்று தவறினாலும் ராணுவ இன்ஜின். ஒரு ஹல் ஸ்பேஸ் என்பது 50 டன்; இனி சுருக்கமாக 'அளவு' என்கிறேன்.

ஆக, 'வணிகம்' என்ற முத்திரையால் எரிபொருள் மிச்சமாவதில்லை. 50 சதவீதத்தில் 20 அளவுள்ள இன்ஜின் செய்தால் விளையாட்டு அதை ராணுவம் என்றுதான் சொல்லும், ஆனால் குடிப்பது கொஞ்சம்தான். முத்திரை வேலை செய்வது பராமரிப்பில்: வணிகக் கப்பலுக்குப் பராமரிப்புத் தொல்லை இல்லை.

படி 2: இன்ஜின் எவ்வளவு குடிக்கும்?

மூன்று எண்களைப் பெருக்க வேண்டும். முதலாவது, இன்ஜினின் மொத்த சக்தி. இரண்டாவது, பவர் சதவீதத்தை 2.5 என்ற அடுக்குக்கு உயர்த்தி வருவது: 100% என்றால் 1, 50% என்றால் 0.177, 200% என்றால் 5.66. மூன்றாவது, 10-ஐ ஒரு இன்ஜினின் அளவால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். இன்ஜின் பெரிதாக ஆக இது குறையும், 40 அளவில் சரியாகப் பாதி. அதனால்தான் நாலு குட்டி இன்ஜினை விட ஒரு பெரிய இன்ஜின் மேல். (அந்த ஒன்றில் அடி விழுந்தால் கப்பல் அப்படியே நிற்கும் என்பது வேறு கதை.)

ஆராய்ச்சி எதுவும் செய்யாத நிலையில், பெருக்கி வருவதுதான் மணிக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு.

படி 3: ஒரே கப்பல், இரண்டு இன்ஜின்

10,000 டன் கப்பல், அதாவது 200 அளவு. அதில் 40 அளவுள்ள இன்ஜின் இரண்டு, 10 அளவுக்கு டாங்க். ஒரு அளவு டாங்கில் 50,000 லிட்டர் பிடிக்கும், ஆக 5 லட்சம் லிட்டர். 100% பவரில் இன்ஜின் ஒரு அளவுக்கு 10 சக்தி தருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

100% பவரில் சக்தி 800. அதைக் கப்பலின் அளவால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வேகம்: நொடிக்கு 4000 கி.மீ. செலவு மணிக்கு 400 லிட்டர். 1250 மணி நேரம் ஓடி, சுமார் 1800 கோடி கி.மீ. போகும்.

50% பவரில் வேகம் 2000 கி.மீ., செலவு மணிக்கு 35 லிட்டர் சொச்சம். தூரம் சுமார் 10,200 கோடி கி.மீ.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். மணிக்கணக்கில் பார்த்தால் ராணுவ இன்ஜின் 11 மடங்கு குடிக்கிறது. ஆனால் அது இரண்டு மடங்கு வேகமாகவும் போகிறதே! கிலோமீட்டர் கணக்கில் 5.66 மடங்குதான். எப்போதும் தூரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள், மணிக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள்.

அப்படியானால் போர்க்கப்பலுக்கும் வணிக இன்ஜினையே போட்டால் என்ன? 4000 கி.மீ. வேகம் வேண்டுமென்றால் 200-ல் 160 அளவு இன்ஜினுக்கே போய்விடும். டாங்கும் ஆட்களும் போக, பீரங்கியை எங்கே வைப்பது?

படி 4: இன்ஜினும் டாங்கும், 3-க்கு 1

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. மேலே சொன்ன ராணுவக் கப்பலில் இன்ஜினும் டாங்கும் சேர்ந்து 90 அளவு. வேகத்தை மாற்றாமல் அந்த 90-ஐ வேறு மாதிரி பிரிப்போம்: 32 அளவுள்ள இன்ஜின் இரண்டு, பவர் 125%, டாங்க் 26 அளவு. சக்தி அதே 800.

செலவு மணிக்கு சுமார் 780 லிட்டராக எகிறுகிறது. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் டாங்கில் இப்போது 13 லட்சம் லிட்டர். தூரம் ஏறக்குறைய 2400 கோடி கி.மீ.! அதிகம் குடிக்கிற இன்ஜினைப் போட்டு, முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போகிறோம். இன்ஜின்களின் எண்ணிக்கையை மாற்றாமல் கணக்கிட்டால், 3 பங்கு இன்ஜினுக்கு 1 பங்கு டாங்க் என்பதுதான் உச்சம். அச்சு அசலாக வர வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும்.

படி 5: டேங்கர்

போர்க்கப்பலில் எதைப் போட்டாலும் டேங்கரில் மட்டும் 50% பவரில் பெரிய வணிக இன்ஜின் போடுங்கள். வேகம் பாதி என்பதால், போர்க்கப்பல்கள் 20 நாளில் கடக்கும் தூரத்துக்கு அதற்கு 40 நாள் ஆகும். 20 நாள் முன்னதாகவே கிளப்பிவிடுங்கள். ஆனால் எதிரி இருக்கும் இடத்துக்கே அனுப்பாமல், ஒரு நட்சத்திர மண்டலம் முன்னாலேயே நிறுத்தி வையுங்கள். ஆயுதமில்லாத டேங்கர் போர்க்களத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.