மலை ஊரில் வழிகாட்டி நாய்க்குட்டி வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வையற்றவருக்கு வழிகாட்டப்போகும் நாய்க்குட்டி, சுமார் 8 வார வயதில் வளர்ப்பவர் வீட்டுக்கு வருகிறது. ஒரு வயது தாண்டியதும் பயிற்சி மையத்துக்குத் திரும்பிவிடுகிறது. இடைப்பட்ட காலம் மட்டுமே நம் பொறுப்பு. மலை ஊர்களில் புதிதாகக் குட்டி வளர்க்க வருபவர்கள், ஒரு காலத்தில் நான் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது, செருப்பைக் கடிப்பது பற்றியெல்லாம் சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நகரத்தை ஒரே நாளில் காட்டிவிட நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மலையில் அமைதி அதிகம். போக்குவரத்து விளக்கு, லிஃப்ட், ரயில், நெரிசலான நடைபாதை எதுவும் இல்லை. குட்டியும் சாதுவாக வளர்கிறது. ‘எவ்வளவு நிதானமான குட்டி’ என்று வளர்ப்பவர் மகிழ்ந்துபோகிறார். அது நிதானம் அல்ல. மிரள வைக்கும் எதையும் குட்டி இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான்கைந்து மாதம் கழித்துத்தான் திடீரென்று நினைவு வருகிறது, இந்த நாய் நாளை நகரத்தில் வேலை செய்ய வேண்டுமே என்று. உடனே ஒரு விடுமுறை நாளில் மலையிறங்கி, கடைத்தெரு, பஸ் நிலையம், ரயில் நிலையம் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுற்றிக்காட்டுகிறார்கள்.

அப்படி வந்த ஒருவரை ரயில் நிலையத்தில் பார்த்தேன். குட்டிமேல் உயிரையே வைத்திருந்தவர். வண்டி நுழைந்ததும் குட்டி வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. காதுகள் பின்னால் மடிந்திருந்தன. வெயில் இல்லாத நேரத்தில் மூச்சு வாங்கியது, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. வழக்கமாகப் பாய்ந்து வாங்கும் தீனியை மூக்கருகே நீட்டியும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘பழகிக்கொள்ளட்டும்’ என்று அவர் வாரை இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே நின்றார். அடுத்த வண்டி வரும்வரை நின்றார். அன்றைக்குப் பிறகு அந்தக் குட்டி காரில் ஏறவே மறுத்தது. காரில் ஏறினால் அந்த இடத்துக்குத்தான் போவோம் என்று அது முடிவு செய்துவிட்டது. கடைசியில் மையம் அதைப் பணிக்குத் தகுதியில்லை என்று விலக்கிவைத்தது. யாரோ ஒரு பார்வையற்றவரின் காத்திருப்பு அதனால் நீண்டது.

குட்டியின் மனம் புதியவற்றைத் தயக்கமின்றி ஏற்கும் காலம் 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆம் வாரம் வரைதான். குட்டி வீட்டுக்கு வரும்போதே அதில் பாதி முடிந்திருக்கும். தடுப்பூசிகள் முழுமையாகும்வரை காத்திருந்தால் மீதியும் போய்விடும். எனவே முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டோ, நின்றுகொண்டிருக்கும் காருக்குள் மடியில் வைத்துக்கொண்டோ சாலையைக் காட்டலாம். குட்டி தீனி வாங்கிச் சாப்பிடும் தொலைவே சரியான தொலைவு. சாப்பிட மறுத்தால் பின்வாங்குங்கள். பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். அடுத்த முறை சில அடி நெருங்கலாம்.

ஊருக்குள்ளேயும் சத்தம் இருக்கிறது. எங்காவது கட்டட வேலை நடக்கிறதா? கான்கிரீட் கலவை இயந்திரம், தகரக் கூரையில் விழும் மழை, விரியும் குடை எல்லாமே பாடம்தான். மலை ஊர் வளர வளர வரும் இரைச்சலை நாம் வெறுக்கலாம். குட்டிக்கு அது தேவை.

மலையில் நல்ல வழிகாட்டி நாய் உருவாகாது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்களுள் ஒன்றான ‘பட்டி’ (Buddy), 1928இல் ஸ்விட்சர்லாந்தின் மோன் பெலரான் மலைச்சரிவில் டோரதி யூஸ்டிஸ் நடத்திய நாய்ப் பயிற்சி மையத்திலிருந்து, பார்வையற்ற அமெரிக்க இளைஞரான மோரிஸ் ஃபிராங்குக்குக் கிடைத்தது. ஆனால் அவர்கள் இருவரும் சேர்ந்து நடந்து பழகியது, மலைக்குக் கீழே இருக்கும் வெவே நகரத் தெருக்களில்.

படிக்கட்டு

பெரும்பாலான மலை வீடுகளுக்குப் படியேறித்தான் போக வேண்டும். 3 மாதத்துக்குள் படிக்கட்டில் ஏறி இறங்கிய பெரிய இனக் குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாக வருவதை நார்வேயில் நடந்த ஆய்வு ஒன்று கண்டது. அதே ஆய்வில், வெளியே தடையின்றி ஓடியாடிய குட்டிகளுக்கு அந்த ஆபத்து குறைவாக இருந்தது. ஆகவே படியில் தூக்கிச் செல்லுங்கள், புல்வெளியில் விளையாட விடுங்கள். நீண்ட மலையேற்றம் எலும்பு முதிர்ந்த பிறகு போதும்.

ஊரே கொஞ்சுவது

சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நான்கு கால்களும் தரையில் இருந்தால் மட்டுமே தடவலாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் மனத்தாங்கல் இருக்கும், பிறகு பழகிவிடுவார்கள். ஆளைக் கண்டதும் தாவும் நாயைப் பிடித்துக்கொண்டு பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்க முடியாது.

காட்டு வாசனை

காட்டுப் பக்கம் போகும்போது வாரைக் கழற்றாதீர்கள். மான் வாசனையைத் துரத்தி ருசி கண்ட குட்டியை மீட்பது மிகக் கடினம்.

வயிறு நிறைய ஊட்டிவிட்டுக் கொண்டை ஊசி வளைவில் இறங்குவது

கூடாது.

வழிகாட்டக் கற்றுக்கொடுப்பது

அது பயிற்சியாளரின் வேலை.

பயத்தை மையத்திடம் மறைப்பது

குட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். ரயில் நிலையத்தில் பார்த்தவரும் அதைத்தான் செய்தார். மையத்துக்குத் தெரியவந்தபோது பல வாரங்கள் ஓடிவிட்டன. எதைக் கண்டு மிரண்டது, எவ்வளவு தொலைவில், எத்தனை நிமிடத்தில் தெளிந்தது என்று அன்றைக்கே எழுதி, உங்கள் மேற்பார்வையாளருக்குத் தெரிவியுங்கள். மறுநாள் எந்தத் தொலைவிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் சொல்வார்.