வேலை உத்தரவு இல்லாமல் பி.ஆர். விண்ணப்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டு நிறுவனத்தின் வேலை உத்தரவு கையில் இல்லாமலேயே, வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலத் திறன் ஆகியவற்றுக்கான புள்ளிகளைக் கொண்டு பி.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமையைப் பெறும் வழிகளில், மதுரைப் பக்கம் அதிகம் பேசப்படுபவை கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியும் ஆஸ்திரேலியாவின் 189 விசாவும். இவ்வழிகளில் நமக்காகப் பொறுப்பேற்றுப் பேச ஒரு முதலாளி இல்லை. சொல்லும் ஒவ்வொன்றையும் ஆவணமே நிரூபிக்க வேண்டும். தகுதியுள்ளவர்களும் இடறுவது இந்த இடத்தில்தான்.

குறைந்தபட்சப் புள்ளியை எட்டினாலே விசா உறுதி என நம்பி, இருக்கும் வேலையை விட்டுவிடுவது பெருந்தவறு. ஆஸ்திரேலியாவில் 65 புள்ளி என்பது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டுமே. கனடாவில் 100-க்கு 67 பெற்றவரும் தரவரிசையில் மற்றவர்களோடு போட்டியிட்டாக வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். எனும் ஆங்கிலத் தேர்வின் நான்கு பிரிவுகளிலும் 7 எடுத்தவருக்கு ஆஸ்திரேலியா 10 புள்ளி தருகிறது. எழுத்துப் பிரிவில் மட்டும் 6.5 வந்துவிட்டால் அந்தப் பத்தும் இல்லை. 33 வயது நிறைந்ததும் வயதுக்கான புள்ளி 30-லிருந்து 25 ஆகக் குறையும் என்பதால், தேர்வை மறுபடி எழுதுவதைத் தள்ளிப்போடவும் கூடாது.

அனுபவச் சான்றிதழில் காட்டப்படும் அலட்சியமே என்னை மிகவும் வருந்த வைப்பது. கப்பலூர் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் திறமையாக வேலை பார்த்த ஒருவர், 'இவர் எங்களிடம் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்' என்ற இரண்டு வரிக் கடிதத்தோடு விண்ணப்பித்தால், அந்த உழைப்பு கணக்கிலேயே வராமல் போகலாம். நிறுவனத்தின் லெட்டர்பேடில், வகித்த பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகள் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். சம்பளத்தை ரொக்கமாக வாங்கியவர்களுக்கு வங்கிக் கணக்கும் பி.எஃப். பதிவும் துணைக்கு வாரா. ஆகவே இப்போதிருந்தேனும் வங்கி வழியாகப் பெறுவது நல்லது. அந்நாட்டு அரசின் இணையதளத்தில் உள்ள வேலை விவரத்தை வரிக்கு வரி நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டுவது சந்தேகத்தையே கிளப்பும்.

பெயர்ச் சிக்கல் நமக்கே உரியது. பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து பின்னால், பட்டச் சான்றிதழில் முன்னால், பாஸ்போர்ட்டில் முழுப் பெயராக என்று மூன்று விதமாக இருந்தால், அவை அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாடுகளிலும், வரிசையில் இருப்பவருக்கு அரசின் அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்கக் கிடைப்பது 60 நாள்களே.

கனடாவுக்கு வேலையின்றிப் போகிறவர் அங்கே குடும்பத்தை நடத்தப் போதுமான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். மேலூர்ப் பக்கத்து வயலின் மதிப்போ, கடனாக வாங்கிப் போட்ட தொகையோ இதற்குச் செல்லாது. வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பும் இடம்பெறுவதால், திடீரென்று வந்து விழும் தொகைக்கு விளக்கம் தேவைப்படும். தந்தை கொடுத்த பணமென்றால் அதற்கான எழுத்துச் சான்றை உடன் வையுங்கள்.

முகவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் சுயவிவரம் பதியவோ, ஆஸ்திரேலியாவுக்கு விருப்பம் தெரிவிக்கவோ அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. அதற்கென்று 'அரசுக் கட்டணம்' கேட்பவரை நம்ப வேண்டாம். வேலை உத்தரவு வாங்கித் தந்து புள்ளியை உயர்த்துவதாகச் சொல்பவரையும் விட்டு விலகுங்கள்: கனடா தன் தரவரிசையில் அதற்குத் தந்துவந்த கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச் 25 முதல் நீக்கிவிட்டது. பொய் ஆவணம் பிடிபட்டால் கனடாவின் ஐந்தாண்டுத் தடை விண்ணப்பித்தவருக்கே விழும், முகவருக்கு அல்ல.

குடும்பத்தார் விவரத்தை மறைப்பது எல்லாவற்றிலும் கொடியது. உடன் வராத மனைவியையும் குழந்தைகளையும்கூடக் கனடா விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் பிற்பாடு அவர்களை அழைத்துக்கொள்ளும் உரிமையே பறிபோகக்கூடும். விண்ணப்பித்த பின் திருமணம் நடந்தாலோ குழந்தை பிறந்தாலோ, அங்கே போய் இறங்குவதற்குள் அதைத் தெரிவித்துவிட வேண்டும்.