முள் பூஜ்யத்தில் நின்றால் நிலம் ஈரமா? மண் ஈரத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண் ஈரம் அளக்கப் புதிதாகக் கருவி வாங்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் தவறுகிறார்கள். பேட்டரி தீர்ந்தது, மூடி திறந்து கிடந்தது போன்றவை தானாகவே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

சதவீதத்தை மட்டும் நம்புவது

கன அளவில் 20 சதவீத ஈரம் மணற்பாங்கான செம்மண்ணுக்குத் தாராளம். கரிசலில் அதே 20-இல் பயிர் தலை தொங்கிவிடும். கரிசலின் நுண்ணிய களித்துகள்கள் தண்ணீரை வேரால் இழுக்க முடியாத அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. மிகுநீர் வடிந்தபின் மண்ணில் தங்குவது வயல் கொள்திறன். அதற்கும் வாடல் நிலைக்கும் இடைப்பட்ட ஈரம்தான் பயிருக்குக் கிடைக்கும்.

டென்சியோமீட்டரின் பொய்ப் பூஜ்யம்

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. டென்சியோமீட்டர் என்பது மண் தண்ணீரை இழுக்கும் விசையை அளக்கும் கருவி. தண்ணீர் நிரம்பிய குழாயின் அடியில் நுண்துளைப் பீங்கான் கிண்ணம் இருக்கும். காயும் மண் அதன் வழியே தண்ணீரை இழுக்கும். அந்த இழுவிசையை மேலே உள்ள மானி சென்டிபார் என்ற அழுத்த அலகில் காட்டும். பூஜ்யம் என்றால் மண் நிறைந்திருக்கிறது. எண் ஏற ஏற வறட்சி. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் இந்தக் கருவி ஏறக்குறைய 80, 85 வரைதான் தாங்கும். அதற்கு மேல் குழாய்க்குள் காற்றுப் புகுந்து இழுவிசை அறுந்துவிடும். முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். திங்களன்று 70, புதனன்று 80, வெள்ளியன்று 0 என்று நோட்டில் எழுதியிருப்பார்கள். இடையில் மழையும் இல்லை, வால்வும் திறக்கவில்லை. "ஈரம் நல்லா இருக்கு" என்று மேலும் நாலு நாள் விடுவார்கள். வாழை குலை தள்ளும் சமயமாக இருந்தால் காய் சிறுக்கும். நோட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தாலே போதும்.

முள்ளைப் பார்க்கும் முன் குழாயைப் பாருங்கள். நீர்மட்டம் கீழே இறங்கியிருந்தால் அந்த அளவு செல்லாது. முதலில் நிலத்துக்குப் பாய்ச்சுங்கள். பிறகு, கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரால் குழாயை நிரப்பி, கை வெற்றிடப் பம்பால் குமிழி நிற்கும்வரை இழுத்து மூடுங்கள்.

பதிப்பதில் தவறினாலும் பொய்யான எண்தான் வரும். கடப்பாரையால் பெரிய குழி போட்டுக் குழாயை நட்டால் கிண்ணத்தைச் சுற்றி காற்று நிற்கும். மண்ணோடு தொடர்பே இருக்காது. கிண்ணத்தை முந்தின இரவே தண்ணீரில் ஊறவையுங்கள். குழாயின் விட்டத்துக்கே துளையிட்டு, அதே ஆழத்து மண்ணைக் கூழாகக் கரைத்து ஊற்றி, குழாயை அழுத்துங்கள். கழுத்தைச் சுற்றி மண்ணை மேடாக அணைக்க வேண்டும். கரிசலில் குழாயை ஒட்டி வெடிப்பு விட்டால் பாய்ச்சும் நீர் அதன் வழியே இறங்கிக் கிண்ணத்தை மட்டும் நனைக்கும். வெடிப்பைக் கண்டதும் மூடிவிடுங்கள். முதல் நாள் அளவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சொட்டுநீர் விழும் டிரிப்பருக்கு நேர் கீழே பதிப்பது

எப்போதும் ஈரம்தான் காட்டும்.

ஈர எடையால் வகுப்பது

மண்ணை எடுத்து எடைபோட்டும் ஈரத்தைக் கணக்கிடலாம். அதற்கு மண்ணை உலர்த்தும் அடுப்பில் 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, டப்பா எடையைக் கழித்தபின், இழந்த நீரை உலர்ந்த மண்ணின் எடையால் வகுக்க வேண்டும். 120 கிராம் 100 ஆனால் ஈரம் எடை அளவில் 20 சதவீதம். 120-ஆல் வகுத்தால் 16.7 வரும். சின்ன வித்தியாசம்தானே என்று விடாதீர்கள். மண்ணின் பருமன் அடர்த்தி (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை) 1.3 கிராம் என்றால், 30 செ.மீ. ஆழத்தில் இருக்கும் நீர் முதல் கணக்கில் 78 மி.மீ., இரண்டாவதில் 65. ஏக்கருக்கு ஐம்பதாயிரம் லிட்டருக்கு மேல் பிழை.

வெயிலில் உலர்த்திக் கணக்கிடுவது

களிமண் பிடித்து வைத்த நீர் முழுதாகப் போகாது.

ஒரே ஆழத்தில் அளப்பது

வாழைக்கு 20 செ.மீ. ஆழத்தில் ஒரு டென்சியோமீட்டர், 40-இல் ஒன்று வையுங்கள். மேலது எப்போது தண்ணீரைத் திறப்பது என்று சொல்லும். கீழது எப்போது நிறுத்துவது என்று சொல்லும். பாய்ச்சி இரண்டு நாள் ஆகியும் கீழ் முள் 10-க்குள்ளேயே கிடந்தால் தண்ணீர் வேரைத் தாண்டி இறங்குகிறது. அடுத்த முறை மோட்டார் ஓடும் நேரத்தைக் குறையுங்கள்.