சாப்பாட்டு மேசைக்குக் கைத்துணி: வீட்டிலேயே தைக்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை மதியம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு வைத்தால், சாப்பாடு முடிவதற்குள் ஒரு கட்டுக் காகித செர்வியட் தீர்ந்துவிடும். எண்ணெய் பட்ட காகிதம் விரலோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்துவரும். பிள்ளைகள் வாய்க்கு ஒன்றாக எடுத்துக் கசக்கிப் போடுவார்கள். நாங்கள் துணிக்கு மாறிய பிறகு அந்தச் செலவும் குப்பையும் நின்றன. தையல் அறியாதவரும் ஒரு சனி ஞாயிறில் ஆறு துணிகளைத் தைத்து முடித்துவிடலாம் என்பதால், நான் செய்யும் முறையை முதலிலிருந்து சொல்கிறேன்.

தைக்கத் தொடங்குவதற்கு முன் ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும். கடைகளில் விற்கும் மேசைத் துணிகள் கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறவர்களை மனத்தில் வைத்து அளவெடுக்கப்பட்டவை. நாம் வலது கையால் பிசைந்து சாப்பிடுகிறோம். சாப்பிட்டு முடித்ததும் குழாயடியில் கை கழுவுகிறோம். ஆகவே நம் வீட்டில் இந்தத் துணி கை கழுவுவதற்கு மாற்று அன்று. மடியில் விழும் சொட்டைத் தாங்குவதும், இடையில் வாயைத் துடைப்பதும், கழுவிய கையின் ஈரத்தை ஒற்றி எடுப்பதும்தான் அதன் வேலை. வலது கை குழம்பில் இருப்பதால் துணி எப்போதும் தட்டின் இடப்பக்கம் இருக்க வேண்டும். இடது கையால் ஒரே பிடியில் எடுக்கும்படி சிறியதாகவும் இருக்க வேண்டும். என் அனுபவத்தில் 38 சென்டிமீட்டர் சதுரம் இதற்குச் சரியாக இருக்கிறது.

துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணி ஈரத்தை உறிஞ்சாமல் தள்ளிவிடும், எண்ணெயை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள்; பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணிபோல் சுருளும். அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் எடுப்பது ஷ்வேஷ்வே என்னும் தென்னாப்பிரிக்க அச்சுப் பருத்தித் துணி. டர்பனில் கிரே தெரு என்று நாம் இன்னும் சொல்லும் டாக்டர் யூசுஃப் டாடூ தெருப் பக்கம் போனால், கருநீலத்திலும் காப்பி நிறத்திலும் சிவப்பிலும், பொடிப் பொடியான வெள்ளை வடிவங்களோடு இதைக் காணலாம். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் உள்ள ஸ்வெலிட்ஷாவில் அச்சாகும் இந்தத் துணிக்கு அச்சிட்ட வேலைப்பாடு இயல்பாகவே அடர்த்தியாக இருப்பதால், மஞ்சள் கறையும் மிளகாய்க் கறையும் கண்ணுக்குத் தெரியாது. இழைகள் நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் பல ஆண்டு உழைக்கும்.

வாங்கும்போது ஷ்வேஷ்வே அட்டைபோல் விறைப்பாக இருக்கும். இந்தத் துணி ஐரோப்பாவிலிருந்து வந்த அந்தக் காலத்தில், பல வாரக் கப்பல் பயணத்தில் ஈரம் பட்டுக் கெடாமலிருக்கப் போட்ட கஞ்சி இன்றைக்கும் அதன் அடையாளமாக நின்றுவிட்டது. அந்தக் கஞ்சியோடு நேரே வெட்டித் தைக்கக் கூடாது. முதல் முறை நான் அப்படித்தான் செய்தேன். முதல் சலவையிலேயே துணி சுருங்கி, தையல் நூல் சுருங்காமல் நின்றதால் ஓரங்கள் அலை அலையாக நெளிந்துவிட்டன. ஆகவே வாங்கி வந்ததும் தனியாக ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, சாயம் போவது நிற்கும்வரை நீர் மாற்றி அலசி, காயவைத்து, இலேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள்.

இந்தத் துணியின் அகலம் 90 சென்டிமீட்டர். ஆறு கைத்துணிகளுக்கு ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். ஊறிச் சுருங்கிய பின் அகலம் ஏறக்குறைய 86 வரும். இருபுறக் கரைகளையும் ஒவ்வொரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டால் 84 நிற்கும். அதை இரண்டாகப் பிரித்து, 42 சென்டிமீட்டர் சதுரங்களாக மூன்று வரிசை எடுத்தால் ஆறு துண்டுகள் கிடைக்கும். மீதியாகும் பட்டையை எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். மூலை மடிப்பதைப் பழகுவதற்கு அது வேண்டும்.

வெட்டும்போது பென்சில் கோட்டை மட்டும் நம்பக் கூடாது. வெட்ட வேண்டிய இடத்தில் விளிம்பிலிருந்து ஓர் இழையைக் குண்டூசி முனையால் நெம்பி மெல்ல உருவினால், துணியின் குறுக்கே மெல்லிய இடைவெளிக் கோடு ஒன்று தெரியும். கத்தரிக்கோல் அந்தக் கோட்டில் போக வேண்டும். நூல்நேர் பிசகி வெட்டிய துணி எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் ஒரு மூலை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். அச்சு வடிவம் இழையோடு சற்றே விலகியிருந்தாலும் இழையையே பின்பற்றுங்கள்.

இனி வருவது மடிப்பு. இதில்தான் பொறுமை வேண்டும். என் அம்மா இளவயதில் டர்பனில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவர். "இஸ்திரி பாதி, ஊசி பாதி" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். துண்டின் உட்புறம் மேலே தெரியும்படி வைத்து, நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் மடித்து இஸ்திரியால் அழுத்துங்கள். அந்த மடிப்பின் மேலேயே இன்னொரு சென்டிமீட்டர் மடித்து மறுபடியும் அழுத்துங்கள். இப்போது எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு மூலையிலும் மடிப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி நான்கு குட்டிச் சதுரங்களை உண்டாக்கியிருக்கும்.

மூலையின் நுனியிலிருந்து பார்த்தால், உட்புறக் கோடுகள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்று இருக்கும். அந்தப் புள்ளி மடிப்பின் விளிம்பில் வரும்படி மூலையைச் சாய்வாக உள்ளே மடித்து அழுத்துங்கள். பிறகு அதைப் பிரித்து, சாய்வு மடிப்புக் கோட்டுக்கு வெளியே, நுனிப் பக்கமாக அரை சென்டிமீட்டர் விட்டு, நுனியை வெட்டிவிடுங்கள். மீண்டும் சாய்வு மடிப்பை மடித்து, அதன்மேல் ஒரு பக்கத்தின் முதல் மடிப்பையும் இரண்டாம் மடிப்பையும், அடுத்த பக்கத்தின் இரு மடிப்புகளையும் வரிசையாக மடித்தால், இரண்டு பக்கங்களும் மூலையில் சட்டம் போட்ட படத்தின் மூலைபோல் நேராகச் சந்திக்கும். பிசிறு எதுவும் வெளியே தெரியாது. முதல் மூலை சரியாக வராவிட்டால் பட்டைத் துணியில் இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். நான்காவது முறை கை தானாகப் பழகிவிடும்.

தையல் இயந்திரம் இருந்தால் ஷ்வேஷ்வேக்கு 90 எண் ஊசியும், மெல்லிய பருத்திக்கு 80 எண் ஊசியும் போட்டு, தையல் நீளத்தை 2.5 மில்லிமீட்டரில் வையுங்கள். மூலையில் தொடங்காமல் ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குவது நல்லது. மடிப்பின் உள்விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தையல் ஓட வேண்டும் என்பதால், ஊசியிலிருந்து எட்டு மில்லிமீட்டர் தொலைவில் இயந்திரத்தின் தட்டில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டி, துணியின் வெளிவிளிம்பை அதை ஒட்டியே நகர்த்துங்கள். மூலை வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பிக்கொள்ளுங்கள். இயந்திரம் இல்லாதவர்கள் ஒற்றை நூலில் ஹெம்மிங் தையலாக, அதாவது மடிப்பின் விளிம்பைத் துணியோடு சேர்த்துப் பிடிக்கும் சிறு தையலாக, கையாலேயே போடலாம். ஒரு துணிக்கு ஒரு மாலை நேரம் ஆகும், ஆனால் மின்வெட்டு நேரத்திலும் சன்னலருகே உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அது.

தைத்து முடித்த துணிகள் ஒரே மாதிரி இருப்பதால், யாருடையது எது என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். எண்ணெய் படாத ஒரு துணியை அதே ஆள் இரண்டு மூன்று வேளைக்கு வைத்துக்கொள்ளலாம். இடது கீழ் மூலையில் அவரவர் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் பென்சிலால் எழுதி, மஞ்சள் நூலில் சங்கிலித் தையல் போட்டேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத என் சின்ன மகள், தன் "க"வைத் தட்டுப் பக்கத்தில் மூன்று வேளையும் பார்த்துப் பார்த்து, கோயில் பலகையிலும் அதைக் கண்டுபிடித்துக் காட்டினாள்.

துவைப்பதில் மஞ்சளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சாப்பிட்டதும் முதலில் குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் பட்ட இடத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, பிறகு வழக்கம்போல் துவையுங்கள். சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை செந்நிறமாக மாறினால் பயப்பட வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் மறுபடியும் மஞ்சளாகும். அதை அழிப்பது வெயில். ஈரத்தோடு கொடியில் போட்டால் ஓரிரு நாளில் கறை தானாக வெளிறும். வெயிலுக்கு முன் சூடான இஸ்திரி போடக் கூடாது. சூட்டில் கறை படிந்துபோகும். துணியை மென்மையாக்கும் திரவங்களையும் தவிர்த்துவிடுங்கள், அவை இழையின்மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். கருநீல ஷ்வேஷ்வே வெயிலில் நிறம் மங்கும் என்பதால் அதை நிழலிலேயே உலர்த்துகிறேன், அதில் கறை எப்படியும் தெரியாது.

வெயில் வைத்தியம் முழுமையாகப் பலிப்பது வெள்ளைப் பருத்தியில்தான். அதனால் புரட்டாசி மாதத்துக்கென்று வெள்ளையில் தனியாக ஆறு துணிகள் தைத்திருக்கிறேன். விரதத்துக்கு வேறு பாத்திரங்கள் எடுக்கும் வீடுகளில் துணியும் வேறாக இருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கும். மற்ற மாதங்களில் அவை பெட்டியில் இருக்கும். டர்பனின் கோடைப் புழுக்கத்தில் சிறிது ஈரம் இருந்தாலும் பூஞ்சை கறுப்புப் புள்ளியாகப் பிடித்துவிடும், அது போகவே போகாது. நன்றாகக் காயவைத்து, கஞ்சி போடாமல், பாலித்தீன் பை இல்லாமல் பழைய தலையணை உறையில் சுற்றி வைப்பேன். ஆவணி கடைசியில் எடுத்து ஒரு நாள் வெயில் காட்டினால் போதும்.

நடுப்பகுதி நைந்த துணிகளை நான் இரண்டாக வெட்டி, கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்க எடுத்துக்கொள்கிறேன். இலேசான ஈரத்தோடு சுற்றினால் ஒரு வாரம் வாடாமல் இருக்கின்றன.