பழைய ரோம் மொசைக் நகை வாங்கும் முன்

பழைய மைக்ரோமொசைக் புரோச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) கண்ணில் பட்டால், முதலில் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் ரோமுக்கு வந்த பயணிகள் நினைவாக வாங்கிப் போன நகை இது. கண்ணாடியை உருக்கி, நூலாக இழுத்து, பொடிப்பொடியாக வெட்டி ஒவ்வொன்றாகப் பதித்திருப்பார்கள். இப்படிப் பதித்த கொலோசியம் என்ற ரோமின் பழைய அரங்கமும், கிண்ணத்தின் விளிம்பில் நீர் குடிக்கும் புறாக்களும் தள்ளி நின்று பார்த்தால் ஓவியமேதான்! லென்ஸில் பார்க்கும்போதுதான் புறாவின் கழுத்தில் சாம்பல் நிறம் நீலமாக மாறும் இடத்தில் எத்தனை துண்டுகள் என்று தெரியும்.

துண்டுகள் பெரிதாக, பித்தளைச் சட்டத்தில் இருந்தால் பெரும்பாலும் பிற்காலச் சரக்கு. அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். ஊசிமுனைப் பள்ளம் தெரிந்தால் துண்டு உதிர்ந்திருக்கிறது. அப்புறம், தண்ணீரில் ஊறவைக்கவே வேண்டாம், துண்டுகளின் பிடிப்பு தளர்ந்துவிடும். உலர்ந்த மென்தூரிகை போதும்.