கச்சேரிக்குப் போகுமுன்

பின்னேரம் விறாந்தையில் இருந்து வெங்காயம் ஆய்ந்துகொண்டிருக்கும்போது யாராவது படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் நான்காக மடித்த அரச காணிப் பெர்மிட்டும் அடையாள அட்டைப் பிரதியும் இருக்கும். "அக்கா, ஜீ.ஏ.க்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ." ஜீ.ஏ. என்றால் அரசாங்க அதிபர், மாவட்ட நிருவாகத்தின் தலைவர். அவர் இருக்கும் மாவட்டச் செயலகம்தான் கச்சேரி.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் செய்கிறவள். பன்னிரண்டு வருசம் எங்கள் வாய்க்காலின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளராக இருந்தேன். கடிதம் எழுதித் தருவேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் பேனையைத் தொடுமுன் ஒன்று கேட்பேன்: "விதானையாரிட்டப் போனனீங்களோ? டி.எஸ்.இட்டப் போனனீங்களோ?" விதானையார் ஊர்ப் பிரிவுக்குரிய அரச அலுவலர், டி.எஸ். அவருக்கு மேலே உள்ள பிரதேச செயலாளர். பத்தில் ஏழு பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அந்த ஏழு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விதானை என்ற பதவி 1963 இலேயே போய்விட்டது. அந்த இடத்துக்குக் கிராம சேவகர் வந்து, இப்போது கிராம அலுவலர் என்று பெயர். ஆனால் எங்கள் ஊர் வாயில் அவர் விதானையார்தான். பிரதேச செயலகத்தை வயதானவர்கள் இன்னும் ஏ.ஜீ.ஏ. கந்தோர் என்பார்கள். அவர்களுக்கும் மூத்தவர்கள் டி.ஆர்.ஓ. கந்தோர் என்றார்கள். அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். கச்சேரி, இந்துஸ்தானிச் சொல்லை ஆங்கிலேயர் கொண்டுவந்து வைத்தது. பெயர்கள் பழையதாகவே இருப்பதால் சனம் அதிகாரமும் பழையபடியே இருக்கிறது என்று நினைத்துவிடுகிறது. ஜீ.ஏ. ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் நடக்கும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வருகிறது.

அந்த நம்பிக்கை ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது. 1833 இல் இலங்கையை ஐந்து மாகாணமாகப் பிரித்து, மாகாணத்துக்கு ஒரு அரசாங்க ஏஜென்டை (ஜீ.ஏ.) ஆங்கிலேயர் வைத்தார்கள். வரி எடுப்பது, தெருப் போடுவது, குளம் திருத்துவது, உள்ளூர்த் தலைவர்களான உடையார் மணியகாரன்களை நியமிப்பது எல்லாம் அவர் கையில். வடக்கு மாகாணத்தில் பேர்சிவல் டைக் 1829 இல் கலெக்டராக வந்து 1867 வரை இருந்தார். பிறகு வில்லியம் துவைனம் 1869 தொடக்கம் 1896 வரை. இரண்டு மனிதர், ஏறக்குறைய அறுபத்தைந்து வருசம்! அனுராதபுரப் பக்கத்து நுவரகலாவியகூட 1873 வரை யாழ்ப்பாணத்திலிருந்த ஏஜென்டின் கீழ்தான் இருந்தது. வன்னியை ஒரு உதவி ஏஜென்ட் பார்த்தார். வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை 1803 இல் கற்சிலைமடுவில் தோற்கடித்ததற்குக் கல் நட்ட ஆங்கிலேயர், அதற்குப் பிறகு இந்தக் காட்டை ஆண்டது படையால் அல்ல, இப்படி ஒரு அதிகாரியாலும் அவர் கீழிருந்த விதானைமாராலும்தான்.

பிறகு அந்த அதிகாரம் ஒவ்வொரு மடிப்பாகக் கழன்றது. 1955 ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணத்தை விட்டு மாவட்டத்தை நிருவாக அலகாக்கியது. 1963 இல் பழைய சிவில் சேவை போய் நிருவாக சேவை வந்தது. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாகாண சபைகள் வந்து பல திணைக்களங்கள் அந்தப் பக்கம் போயின. 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டம் பல அதிகாரங்களைப் பிரதேச செயலாளர்களுக்கு மாற்றியது. எங்களுக்கு மிக முக்கியமானது இந்தக் கடைசிச் சட்டம்தான். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் 'அரசாங்க அதிபர்' செய்வதாகச் சொல்லப்பட்ட வேலைகளை இப்போது பார்ப்பவர் பிரதேச செயலாளர். ஆகவே பெர்மிட் பிரதி, பின்னுரித்தாளர் (பெர்மிட்காரருக்குப் பிறகு காணி சேரும் ஆள்) பெயர் பதிவது, எல்லைத் தகராறு, வதிவிட அத்தாட்சி எதுவானாலும் விதானையார், பிறகு டி.எஸ். இந்த அலுவல்களுக்கு நேரே கச்சேரிக்குப் போனால், உங்கள் கடிதத்தின் மூலையில் 'பி.செ. தேவையான நடவடிக்கைக்கு' என்று எழுதித் திருப்பி அதே டி.எஸ்.இடம்தான் அனுப்புவார்கள். மூன்று கிழமை வீணாகப் போய்விடும்.

பின்னுரித்தாளர் பெயர் பதிவதைப் பற்றி ஒரு சொல். பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். பெயர் குறிக்காமல் இறந்தால், 2022 இல் சட்டம் திருத்தப்படும்வரை பெண்பிள்ளைகளுக்கு முன்னே ஆண்பிள்ளைகளுக்குத்தான் இடம் இருந்தது. அப்பா என் பெயரை எழுதிவிட்டுத்தான் கண்ணை மூடினார். வீட்டில் நான் மூத்தவள், வயலில் அவரோடு இறங்கினவளும் நான்தான். அவர் எழுதியிராவிட்டால் இந்த மூன்று ஏக்கர் எனக்கு இல்லை.

அப்படியானால் ஜீ.ஏ.இடம் எதைக் கொண்டுபோவது? நான் கண்ட அளவில் அவரிடம் மிஞ்சியிருக்கும் பெரிய பலம் எல்லாரையும் கூட்டிவைப்பது. நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், பொலிஸ், வனவளத் திணைக்களம், மின்சார சபை என்று ஒருவருக்கொருவர் கீழ்ப்படியாத ஆட்களை ஒரே மண்டபத்தில் இருத்தி, 'இது யார் செய்யவேண்டும், எப்போது செய்வீர்கள்' என்று கேட்கக்கூடியவர் மாவட்டத்தில் அவர்தான். ஒரு அலுவலகத்தோடு முடியும் பிரச்சினை அவருடையது அல்ல. இரண்டு மூன்று அலுவலகம் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு நிற்கும் பிரச்சினைதான் அவருடையது. டி.எஸ். பதில் தராவிட்டாலும் அவரிடம் போகலாம். வெள்ளம், புயல், தேர்தல் காலங்களில் மாவட்டமே அவர் மேசையில்தான் இருக்கும். அந்த நாட்களில் சொந்த அலுவலோடு போகாதீர்கள்.

இதை நான் படித்தது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில். 1946 ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பெரிய குளங்களின் கீழ் இந்தக் கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பை அரசாங்க அதிபரிடம் கொடுத்தது. காலபோகத்துக்கு (மாரி நெற்செய்கை) ஒன்று, சிறுபோகத்துக்கு (கோடை நெற்செய்கை) ஒன்று. முதல் தண்ணீர் எந்தத் திகதி திறப்பது, விதைப்பின் கடைசி நாள் எது, கட்டாக்காலி மாடுகளை எந்தத் திகதிக்குள் அகற்றுவது, எந்தத் திகதியில் துருசை (குள மதகை)ப் பூட்டுவது எல்லாம் அங்கே தீர்மானமாகும். சிறுபோகம் என்றால் இன்னும் கடினம். குளத்தில் நிற்கும் தண்ணீருக்கு இத்தனை ஏக்கர்தான் என்று பொறியியலாளர் சொல்ல, அந்த ஏக்கரை யார் யாருக்குப் பங்கு வைப்பது என்று மண்டபம் கொதிக்கும். அங்கே எடுக்கும் தீர்மானம் சட்டப்படி எல்லாரையும் கட்டும். வராதவரையும் கட்டும். ஆகவே போகாமல் இருக்காதீர்கள்.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைக்கோடியில். மேலே உள்ளவர்கள் இரவில் கட்டுத் திருப்பித் தண்ணீரைத் தங்கள் வயலுக்கு எடுக்க, கடைசிப் பதினெட்டுக் குடும்பத்துக்குத் தண்ணீர் வராது. இரண்டு போகம் கூட்டத்தில் எழும்பி நின்று அழாக்குறையாகச் சொன்னோம். 'பார்ப்போம்' என்றார்கள். மூன்றாம் போகம் நான் மகனின் பழைய சி.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, ஐம்பது நாளும் காலை ஆறு மணிக்குப் போய், வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, எவ்வளவு உயரம் நின்றது என்று ஒரு தடியால் அளந்து எழுதினேன். கூட்டத்தில் அந்தக் கொப்பியை ஜீ.ஏ. கையிலேயே கொடுத்தேன். அவர் நாலு பக்கம் புரட்டினார். பிறகு பொறியியலாளரைப் பார்த்து, "இருபத்தொரு நாள் தண்ணி போகேல்லை எண்டு எழுதியிருக்கிறா. உங்கட பதிவில என்ன இருக்கு?" என்று கேட்டார். மண்டபம் அடங்கிப்போனது. அன்றைக்கே கிழமைக்கு இரண்டு நாள் கடைக்கோடிக்கு முறைத் தண்ணீர் என்று தீர்மானமானது. கட்டுத் திருப்பினால் பொலிஸில் முறையிடலாம் என்பதும் கூட்டறிக்கையில் ஏறியது.

கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் உங்கள் அமைப்புக்குள்ளே பேசி ஒரே கோரிக்கையோடு போங்கள். மண்டபத்தில் நாங்கள் ஆளுக்கொரு கதை சொன்னால் அதிகாரிகளுக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிடும். உடைந்த இடங்களை வாய்க்கால் இலக்கத்தோடு எழுதிக்கொண்டு போங்கள். வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வையுங்கள். எழும்பினால் இரண்டு நிமிடத்தில் முடியுங்கள், பழைய கோபங்களை இழுக்காதீர்கள். தீர்மானம் எடுத்தவுடன், "ஐயா, அதை ஒருக்கா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். ஜீ.ஏ. பெண் என்றால் "மேடம்" என்றே கூப்பிடுங்கள், அப்படித்தான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். பத்து நாள் கழித்துக் கூட்டறிக்கையின் பிரதியைப் போய் வாங்குங்கள். கூட்டறிக்கையில் இல்லாத வாக்குறுதி காற்றோடு போய்விடும்.

இனிக் கடிதம். தமிழில் எழுதுங்கள், பதிலைத் தமிழில் பெற அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தருகிறது. தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக 1961 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிபட்டது இதற்காகத்தான். 'அரசாங்க அதிபர், மாவட்டச் செயலகம், முல்லைத்தீவு' என்று விலாசம் எழுதி, அதற்குக் கீழே 'ஊடாக: பிரதேச செயலாளர்' என்று ஒரு வரி போடுங்கள். டி.எஸ்.ஐத் தாண்டி வந்த கடிதம் இல்லை என்பது அதில் தெரியும். டி.எஸ். மீதே முறைப்பாடு என்றால் அந்த வரி வேண்டாம். ஒரு கடிதத்துக்கு ஒரு விசயம். காணிப் பிரச்சினையையும் மகளின் வேலையையும் ஒரே தாளில் எழுதினால் அது எந்தக் கிளையின் கோப்புக்குள்ளும் போகாது. பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, பெர்மிட் இலக்கம், காணித் துண்டு இலக்கம் முதலில். பிறகு நடந்தது என்ன, எந்தத் திகதி, முன்பு யாருக்கு எழுதினீர்கள். கடைசியில் நீங்கள் கேட்பது என்ன என்பதை ஒரே வசனத்தில். 'தயவுகூர்ந்து ஆவன செய்யவும்' என்று முடிக்காதீர்கள். 'கூட்டுக் கள ஆய்வு ஒன்றுக்குத் திகதி தரவும்' என்று கேளுங்கள். அப்போது ஆம் அல்லது இல்லை என்று பதில் எழுதியாகவேண்டும்.

இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். இதில் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். இடம்பெயர்வில் தொலைந்த பெர்மிட்டின் பிரதிக்காக ஓர் அலுவலகத்தில் கையில் கொடுத்துவிட்டு வந்த விண்ணப்பத்தை, எட்டு மாதம் கழித்துப் போனபோது 'இப்படி ஒன்று வரவேயில்லை' என்றார்கள். என்னிடம் முத்திரையும் இல்லை, பதிவுத் தபால் துண்டும் இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பதில் வந்தால் அதன் மேலே 'எனது இல.' என்று ஒரு எண் இருக்கும். அடுத்த கடிதத்தில் அதை 'உமது இல.' என்று எழுதுங்கள். கோப்பைத் தேடுகிற முகாமைத்துவ உதவியாளருக்கு உங்கள் பெயர் நினைவிருக்காது, அந்த எண் அவரைக் கோப்பிடம் கொண்டுபோய்விடும்.

பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலருக்கு, 'எனது இந்தத் திகதிக் கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம்' என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். என் பெர்மிட் கோப்பு அப்படிக் கேட்ட பிறகுதான் அசைந்தது.

பதிவு என்பதை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. போர்க்காலத்திலும் கச்சேரி வன்னியில் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. நிவாரண அட்டையும் அரிசியும் ஜீ.ஏ.யின் கணக்கைக் கொண்டுதான் சங்கக் கடைக்கு வந்தன. அந்தக் கணக்கின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் கேட்டார். விதானைமார் வீடு வீடாக எழுதிய கொப்பி இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்திராது. ஆகவே பிறப்போ இறப்போ புதுக் குடும்பமோ, விதானையாரிடம் உடனே பதியுங்கள்.

கச்சேரிக்குப் போகிற நாளுக்கு முதல்நாள் தொலைபேசி எடுத்து, பொதுமக்களைச் சந்திக்கும் நாளா, ஜீ.ஏ. கொழும்புக் கூட்டத்துக்குப் போகிறாரா என்று கேளுங்கள். அப்பாவின் காலத்தில் முல்லைத்தீவு தனி மாவட்டம் இல்லை. வவுனியாவுக்குப் போய் "துரை இல்லை" என்ற பதிலோடு இருட்டிய பிறகு வந்து படலையைத் திறப்பார். இப்போது ஜீ.ஏ. இல்லாவிட்டால் மேலதிக அரசாங்க அதிபரைப் பார்க்கலாம், காணிக்கென்று தனியாக ஒருவர் இருப்பார். மூலப்பிரதிகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஆனால் யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். போட்டோப்பிரதி மட்டும் கொடுங்கள். அதையும் முதல்நாளே எடுத்து, மூலப்பிரதியிலிருந்து பிரித்து வேறு பையில் வையுங்கள்.